ஈயம் இறங்கிய விதம்

நான் ஊசி போட்டால் வலிக்காது என்று சொல்வார்கள். ஊசியைத் தோலில் வைப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு கேள்வி கேட்பேன். சாப்பிட்டாச்சா, மகள் பரீட்சை எப்படி எழுதினாள், இந்த மாதிரி. அவர்கள் பதிலை யோசிக்கிற நேரத்தில் என் வேலை முடிந்திருக்கும். அந்தத் தொழிற்சாலையில் பத்து வருஷம் டாக்டராக இருந்தேன். பல ஆயிரம் தடவை ரத்தம் எடுத்திருப்பேன். கையை இழுத்துக்கொண்டவர்கள் என்று யாரும் எனக்கு நினைவில்லை.

நீங்கள் இதை வாக்குமூலமாக எழுதிக்கொள்ள வேண்டும் என்பதால் நிதானமாகவே பேசுகிறேன். வேகமாகப் போனால் கையைக் காட்டுங்கள்.

அது பேட்டரி செய்கிற இடம். பழைய பேட்டரிகள் லாரியில் வந்து இறங்கும். அவற்றை உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கி, தகடாக வார்த்து, புதுப் பெட்டிக்குள் அடுக்குவார்கள். அறுநூறு பேர் வேலை செய்தார்கள். ஈயத்தூளில் ஒரு வசதி உண்டு. வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. மேஜைமேல் விரலால் கோடு இழுத்தால் சாம்பல் நிறத்தில் தெரியும், அவ்வளவுதான். மூச்சோடு உள்ளே போகும், விரலில் ஒட்டி வாய்க்குப் போகும், உடுப்பில் ஒட்டி வீட்டுக்கும் போகும். ரத்தத்தில் கொஞ்ச நாள் சுற்றிவிட்டு எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வேலை உடுப்போடு நான் அவளைத் தூக்கியதே இல்லை. இரண்டு ஜோடி செருப்பு வைத்திருந்தேன். ஒன்று கேட்டுக்கு உள்ளே, ஒன்று வெளியே. "உலகத்துல நீங்க ஒருத்தர்தான் டாக்டரா?" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். என் அறை கேட்டுக்கும், ஈயத்தை உருக்குகிற உருக்குக் கொட்டகைக்கும் நடுவில் இருந்தது. ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் நானே டேப் ஒட்டியிருந்தேன்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை.

முதல் எட்டு வருஷத்தைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் ரத்தம் எடுப்பேன். முடிவுகள் ஒரு உறையில் அலுவலகத்துக்குப் போகும். ஈயத்தின் அளவு மிக அதிகமாக இருப்பவர்களை, உடல் தகுதி போதவில்லை என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அவர்கள் ரத்தத்தில் என்ன இருந்தது என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. சிலருக்கு மணிக்கட்டு செத்துப்போய்க் கை தொங்கிவிடும். நீட்டச் சொன்னால் மணிக்கட்டு வரை நீளும், அதற்கு மேல் துவண்டு விழும். தொழிலாளர்கள் அவர்களைத் தொங்குகை என்றார்கள். 'அவன் தொங்குகை ஆயிட்டான்' என்று, ஏதோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த எட்டு வருஷம் கம்பெனியின் குற்றம். அதற்குக் கம்பெனியே மன்னிப்புக் கேட்டுவிட்டது. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

மன்னிப்புக் கேட்க வைத்தவள் ஒரு பெண். தகடு அடுக்கும் பிரிவில் வேலை செய்தாள், வயது முப்பத்தைந்து இருக்கும். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பாள் என்பதால் எல்லோரும் கேள்வியக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் கணவன் உருக்குக் கொட்டகையில் இருந்து தொங்குகை ஆனவன். நாங்கள் நிறுத்திய பிறகு அவள் அவனை ஒரு வெளி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த டாக்டர், எங்கே வேலை பார்த்தான் என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. ஒரு மாதத்தில், அதே மாதிரி கை தொங்கிப்போன இருபத்தொரு பேரைத் தேடிப்பிடித்தாள். காலை ஷிப்ட் உள்ளே போகிற நேரத்தில் அவர்களை கேட்டுக்கு எதிரே வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொன்னாள். கோஷம் கிடையாது, பலகை கிடையாது. இருபத்தொரு ஜோடிக் கைகள் தொங்கிக்கொண்டு நின்றன. யாரோ படம் எடுத்தார்கள். எங்கள் பேட்டரியை வாங்குகிற பெரிய நிறுவனம் அந்தப் படத்தைப் பார்த்தது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பரிகார ஒப்பந்தம் என்று ஒன்று எழுதினார்கள். நன்றாக எழுதப்பட்ட காகிதம், நான் பல தடவை படித்திருக்கிறேன். பாதிக்கப்பட்டவர்களுக்கு வைத்தியம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, அதுவும் வெளி லேபில். முடிவை அவரவர் கையிலேயே கொடுக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் எல்லாக் கொட்டகைகளிலும் தூளை உறிஞ்சுகிற பெரிய காற்று இயந்திரங்கள். தொழிலாளர்களும் உட்காருகிற ஒரு பரிகாரக் கமிட்டி. இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க வெளியிலிருந்து ஒரு பார்வையாளர் அம்மா. தொடர்ந்து நான்கு பரிசோதனைகளில் ரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவு முப்பதுக்குக் கீழே இருந்தால் பரிகாரம் முடிந்ததாக எடுத்துக்கொண்டு பார்வையாளர் விலகிக்கொள்வார்.

முதலாளி முற்றத்தில் நின்று மன்னிப்பைப் படித்தார். நல்ல மனுஷன், உண்மையாகவே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். படித்து முடித்ததும் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கைதட்டுவதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வியக்கா முன்வரிசையில் கணவனோடு நின்றிருந்தாள்.

"மன்னிப்பு சரிங்க," என்றாள். "காத்து எப்ப வரும்?"

முதலாளிக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த மேனேஜர்தான் குனிந்து, மெஷினைக் கேட்கிறாள் என்றார்.

"ஒரு வருஷத்துல வந்துரும்மா."

"அதுவரைக்கும் மூச்சை அடக்கிக்கவா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், முதலாளியும். எனக்கு அவளை அன்றைக்கே பிடித்துப்போயிற்று. அவளைத்தான் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

வைத்தியம் என் பொறுப்பு. ஈயத்தை ரத்தத்திலிருந்து பிடித்து இழுத்துச் சிறுநீரில் கொண்டுபோகிற மாத்திரை இருக்கிறது. நல்ல மருந்து. வெள்ளை உறைக்குள் தூள் அடைத்தது, உறையைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதைத் தொங்குகைக்காரர்களுக்குக் கொடுத்தேன். அவர்கள் வேலையை விட்டு வெளியே இருப்பவர்கள், கொடுக்கலாம். கேள்வியக்காவின் கணவனுக்கு நாலாவது மாதத்தில் வலது மணிக்கட்டு லேசாக நிமிர்ந்தது. ஒரு நாள் என் அறையில் உட்கார்ந்து, மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரைத் தானே எடுத்துக் குடித்தான். பாதி சட்டையில் கொட்டிக்கொண்டான். அவள் முந்தானையால் அவன் சட்டையைத் துடைத்தாள், அப்புறம் அதே முந்தானையால் தன் கண்ணைத் துடைத்தாள். "டாக்டர், உங்க கையைக் காட்டுங்க," என்று என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பரிகாரம் என்று ஒன்று இருந்தால் அது அந்த டம்ளர்தான். அதை நான் செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் உள்ளே வேலை செய்கிறவர்களின் அளவு இறங்கவில்லை. முதல் பரிசோதனையில் சராசரி ஐம்பத்திரண்டு, இரண்டாவதில் ஐம்பத்தொன்று. காற்று வந்தால்தானே இறங்கும்? இயந்திரங்களுக்கு முதலில் வரைபடம் சரியில்லை என்றார்கள், பிறகு கூரை தாங்காது என்றார்கள், பிறகு ஆர்டர் ஏதோ மேஜையில் தங்கிவிட்டது. ஒரு மத்தியானம் மேனேஜர் என் அறைக்கு வந்தார். புதியவர், சிறு வயது, யாரையும் சத்தம் போட்டுப் பேசாதவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"டாக்டர், நான் மருத்துவம் படிச்சவன் இல்ல."

"சொல்லுங்க."

"இந்த நம்பர் இறங்கலன்னா வாங்கறவங்க கையைக் கழுவிட்டுப் போயிருவாங்க. ஃபேக்டரிய மூட வேண்டியதுதான். அறுநூறு குடும்பம்."

"மெஷின் வந்தா இறங்கும்."

"மெஷின் வரும். வர்ற வரைக்கும்தான் கேக்கறேன்." கொஞ்ச நேரம் என் மருந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குத் தெரியாததா?"

அவ்வளவுதான் பேச்சு. அவர் என்னைச் செய்யச் சொன்னார் என்று நான் எந்த இடத்திலும் சொல்ல மாட்டேன். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் கடைசி வரை அப்படியே இருந்தோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் வைத்தியம் சொல்ல வேண்டும். இந்த மாத்திரையை ஈயத்தின் நடுவில் இருக்கிறவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. மாணவனாக இருந்தபோதே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. கொடுத்தால் ரத்தத்தில் அளவு சட்டென்று இறங்கும், ஆனால் சில வாரம்தான். எலும்பில் இருப்பது மெதுவாக வெளியே வந்து ரத்தத்தை மறுபடி நிரப்பிவிடும். வெளியே மூச்சில் இருக்கிற ஈயத்தையும் உடம்பு இன்னும் தாராளமாக உள்ளே வாங்கும். அத்தனையும் சிறுநீரகம் வழியாகப் போக வேண்டும். ஒரு தடவை போனால் தாங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மறுபடி மறுபடி, எல்லோருக்கும் தாங்காது.

மூன்றாவது பரிசோதனைக்கு மூன்று வாரம் முன்னால் எல்லோருக்கும் மாத்திரை கொடுக்க ஆரம்பித்தேன். கமிட்டியில் வைத்துத்தான் சொன்னேன், ஒளிக்கவில்லை. கேள்வியக்கா வழக்கம்போல் கேட்டாள்.

"இது என்ன மாத்திரை, டாக்டர்?"

"ரத்தத்துல இருக்கற ஈயத்தை வெளியேத்தற மாத்திரை."

"எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தீங்களே, அதேவா?"

"அதேதான்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த டம்ளரை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். மறுநாள் முதல் அவளே ஒவ்வொரு பிரிவாக நடந்து மாத்திரை கொடுத்தாள். மறுத்தவர்களிடம் கணவனின் கதையைச் சொன்னாள். முட்டை மாத்திரை என்று பெயர் வைத்தார்கள். "அக்கா, இன்னிக்கி ஆம்லெட்டா, அவிச்சதா?" என்று கேட்டு வாயைத் திறப்பார்கள். அவள் சொன்னால் நஞ்சைக்கூட வாங்கிப் போட்டுக்கொள்வார்கள் என்று அப்போது நான் நினைத்தது நினைவிருக்கிறது.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது எனக்கு முக்கியம்.

சராசரி முப்பத்துநாலுக்கு வந்தது. நான்காவது பரிசோதனையில் இருபத்தொன்பது. பார்வையாளர் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். வேறு எந்த நாட்டிலும் ஒரு பரிகாரத் திட்டம் இவ்வளவு வேகமாகப் பலன் கொடுத்து அவர் பார்த்ததில்லையாம். காற்று இயந்திரங்களைப் பற்றிய பேச்சு வந்தபோது மேனேஜர், அளவுதான் இறங்கிவிட்டதே, அவசரமில்லாமல் நல்லதாகப் பார்த்து வாங்கலாம் என்றார். கமிட்டியில் எல்லோரும் தலையாட்டினார்கள். கேள்வியக்கா மட்டும் தலையாட்டவில்லை. ஆனால் அவளும் அன்றைக்குக் கேள்வி கேட்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் என் அறைக்கு வந்தாள்.

"ஒரு விஷயம் கேக்கணும் டாக்டர். தங்கச்சி ஒருத்தி வீட்டுல சும்மா இருக்கா. இருபது வயசு. இங்க சேத்துவிடலாமான்னு யோசனை. முன்னாடின்னா நானே விட்டிருக்க மாட்டேன். இப்பதான் நம்பர் எல்லாம் நல்லா வந்திருக்கே. நீங்க சொன்னா சேக்கறேன்."

நான் யோசித்தேன். அவசரப்பட்டுச் சொல்லவில்லை. இல்லை என்றால் ஏன் என்று கேட்பாள், அவள் கேட்காமல் விடுகிறவள் இல்லை. அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர் தம்பியையும் தங்கையையும் கொண்டுவந்து சேர்க்கிற நேரம் அது. தொழிற்சாலைமேல் ஊருக்கு மறுபடி ஒரு மரியாதை வந்திருந்தது.

"தாராளமா சேத்துவிடுங்க," என்றேன்.

தங்கச்சிக்குப் பத்தே நாளில் ரேடியோ என்று பெயர் வந்துவிட்டது. வாய் ஓயாது. தகடு அடுக்கிக்கொண்டே பாடுவாள், பாட்டு தெரியாத இடத்தில் தானே வார்த்தை போட்டுக்கொள்வாள், மேனேஜர் நடந்து வந்தால் அவர் நடைக்குத் தாளம் போடுவாள். முதல் தடவை ரத்தம் எடுக்கும்போது என் கேள்விக்கு நான் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. ஊசியை எடுத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது பரிசோதனைக்கு முன்னால் ஒரு சிக்கல் வந்தது. மாத்திரையால் சிலருக்கு உடம்பெல்லாம் தடித்தது, சிலருக்கு வாந்தி. ஒரு பிரிவு முழுக்க வேண்டாம் என்றது. பிறகு இன்னொன்று. கேள்வியக்காவே வந்து, "ரெண்டு தடவை விட்டுப் பாப்போம் டாக்டர், உடம்பு தாங்கலன்னு சொல்றாங்க," என்றாள். நியாயமான பேச்சு. விட்டிருந்தால் சராசரி ஐம்பதுக்குப் போயிருக்கும். அதுவரை பார்த்ததெல்லாம் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அதனால் மாத்திரையை நிறுத்துகிறேன் என்று அறிவித்தேன். அதற்குப் பதிலாக, பரிகாரத்தின் ஒரு பகுதியாக, தினமும் காலை எல்லோருக்கும் ஒரு கிளாஸ் ஆரஞ்சுச் சாறு. கைதட்டினார்கள். ஆரஞ்சின் புளிப்பு அந்த நாற்றத்தை ஏறக்குறைய முழுக்க மூடிவிடும். பெரிய எஃகுப் பாத்திரத்தில் நானே கலந்தேன். ஆறு மணிக்கே வந்துவிடுவேன். உறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தூளைக் கொட்ட ஒரு மணி நேரம் ஆகும். ஆமாம், யாரையும் கேட்காமல்தான். முதலில் பரிசோதனைக்கு முந்தின மூன்று வாரம் மட்டும். இடையில் யாராவது வெளியில் ரத்தம் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன், அதற்குப் பிறகு தினமும்.

என்னிடம் ஒரு நர்ஸம்மா இருந்தாள். ஒரு காலை முன்னதாகவே வந்துவிட்டாள். குப்பைக் கூடையில் காலி உறைகளைப் பார்த்தாள். பாத்திரத்தின்மேல் குனிந்து மோந்து பார்த்தாள்.

"டாக்டர், இது தப்பு."

"அளவு இறங்கணும், நர்ஸம்மா."

"கர்ப்பமா இருக்கறவங்க குடிக்கறாங்க. ரேடியோப் பொண்ணுக்குக் கால் வீங்கியிருக்கு, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நான் போய்ச் சொல்லப் போறேன்."

நான் குரலை உயர்த்தவில்லை. மருந்துப் பதிவேட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஒரு வருஷமாக ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்து இருந்தது. அவள் வீட்டில் வேலை இல்லாத கணவன், இரண்டு பிள்ளைகள். அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டேன். அடுத்த நாள் முதல் அவள் ஏழு மணிக்கு முன்னால் வந்ததே இல்லை.

ஐந்தாவது பரிசோதனையில் இருபத்தெட்டு.

ரேடியோவுக்கு முகம் ஊத ஆரம்பித்தது. எதைத் தின்றாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்கிறது என்றாள். சிறுநீர் கலங்கிப் போயிற்று. சிறுநீர்த் தொற்று என்று எழுதிக்கொடுத்தேன். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னேன். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றச் சொல்லி மேனேஜருக்குக் குறிப்பும் அனுப்பினேன், மாற்றினார்கள்.

இப்போது சொல்லப்போவது உங்கள் காகிதத்தில் இல்லாதது. நான் பார்த்தது கேள்வியக்காவுக்கும் தெரியாது. சாறு கொடுக்கிற இடம் என் ஜன்னலுக்கு நேர் எதிரே. ஒரு காலை அக்காவும் தங்கையும் கிளாஸோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை தன்னுடையதைக் குடித்து முடித்தாள். அக்கா தன் கிளாஸை அவள் கையில் திணித்தாள். இவள் வேண்டாம் என்று தள்ளினாள். "குடிடி, உடம்புல ரத்தமே இல்ல உனக்கு," என்று சொல்லிச் சின்னக் குழந்தைக்குப் புகட்டுவது போல அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஏழு வாரம் தினமும் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் என்ன சொல்வது? அவளுக்குக் கொடுக்காதே என்றால் ஏன் என்று கேட்பாள்.

ஆறாவது பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த வாரம் ரேடியோவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன. வலிப்பு வந்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம் இறந்துபோனாள். மேனேஜர் மாலை அனுப்பினார். நான் நேரில் போனேன். கேள்வியக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்கார நாற்காலி எடுத்துப் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனை முடிவுகள் வந்தன. சராசரி இருபத்தேழு. இன்னும் ஒன்று முடிந்தால் பரிகாரம் முடிந்துவிடும். முடிவை அவரவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கேள்வியக்காவுடையதை நான் மேஜைக்கு மேல் நகர்த்தினேன். ஐம்பத்தெட்டு.

காகிதத்தை எடுத்துப் படித்தாள்.

"எல்லாருக்கும் எவ்வளவு டாக்டர்?"

"முப்பதுக்குள்ள."

"நானும் அவங்களும் ஒரே கொட்டகை. ஒரே வேலை. ஒரே காத்து." விரலை மடித்து எண்ணினாள். "அவங்க செஞ்சு நான் செய்யாதது ஒண்ணே ஒண்ணுதான். ஏழு வாரமா நான் அந்த ஜூஸைக் குடிக்கல."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அதுல என்ன இருந்துச்சு?"

ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பொய் சொல்கிறவன் இல்லை. "மாத்திரைதான்," என்றேன்.

"என் கிளாஸையும் சேத்து என் தங்கச்சி குடிச்சாளே."

"ஆமா."

"ஒருத்தருக்கு ரெண்டு பேரோட மாத்திரை."

"ஆமா."

கத்துவாள், என் சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கதவுவரை போய்த் திரும்பினாள். "நான்தான டாக்டர் குடுத்தேன்," என்றாள். அது கேள்வி இல்லை. வெளியே போய்ச் சாறு ஊற்றுகிற இடத்தில் மீதியிருந்ததை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து நேரே பார்வையாளர் அம்மாவின் அலுவலகத்துக்குப் போனாள். நான் அவளைத் தடுக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் உங்களுக்கே தெரியும். பதினேழு பேருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்கிறீர்கள். இரண்டு பெண்களுக்குக் கரு கலைந்திருக்கிறது. இறந்தது ஒருத்தி. எண்ணிக்கையில் எனக்கு மறுப்பில்லை. காற்று இயந்திரங்களை இப்போது மாட்டிவிட்டார்களாம், நாற்பது நாளில் வேலை முடிந்துவிட்டதாம். கேள்விப்பட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆக, மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தது நான். வேண்டாம் என்றவர்களுக்குச் சாற்றில் கலந்து கொடுத்தது நான். நர்ஸம்மாவின் வாயை அடைத்தது நான். அந்தப் பெண் இரண்டு கிளாஸ் குடிப்பதை ஜன்னலுக்கு உள்ளே நின்று ஏழு வாரம் பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். விளைவு தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஏன் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். வேலை போய்விடும் என்ற பயமா, மேலிடத்து நெருக்கடியா என்கிறீர்கள். இரண்டும் இல்லை. எட்டு வருஷம் அந்த கேட்டுக்குள் வந்தவர்கள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. பரிகாரம் தொடங்கிய பிறகுதான் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டார்கள், பிள்ளைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள், நீங்க சொன்னா சரி டாக்டர் என்றார்கள். அறுநூறு பேர் ஒரு மனுஷனை நம்புவது சாதாரண விஷயம் இல்லை. அவர்கள் மனதை நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை.